கார் எஞ்சினின் சிசி, இழுவை, மைலேஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சிசி?" அடுத்தது "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" சிசி கூடினால் வண்டி பறக்கும், ஆனால் பெட்ரோலைக் குடிக்கும், சிசி குறைந்தால் இழுக்காது, ஆனால் மைலேஜ் கொடுக்கும் என்பது பல வருடங்களாக நம் ஊரில் ஓடும் கணக்கு. கார்புரேட்டர் காலத்தில் அது ஓரளவு சரி. இன்றைக்கு அந்தக் கணக்கை மட்டும் நம்பி பத்துப் பதினைந்து லட்சத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது என்பதால்தான் இந்தப் பக்கம்.

சிசி என்றால் சரியாக என்ன?

கியூபிக் சென்டிமீட்டர், அதாவது கன அளவு. சிலிண்டர் என்ற குழலுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் ஒவ்வொன்றும் மேலிருந்து கீழே இறங்கும்போது எவ்வளவு இடம் திறக்கிறதோ, அதை எல்லா சிலிண்டருக்கும் சேர்த்துக் கூட்டினால் வருவது. மாருதியின் 1.0 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் இறங்கும் தூரம் 79.5 மில்லிமீட்டர். ஒரு சிலிண்டருக்கு 332.7 சிசி. மூன்று சிலிண்டருக்கு 998. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது இந்த 998தான்.

இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இந்த அளவு காற்றை எஞ்சின் உள்ளே இழுக்கிறது. 3000 ஆர்.பி.எம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில், ஓடும் 1 லிட்டர் எஞ்சின், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால், நிமிடத்துக்கு அதிகபட்சம் 1500 லிட்டர் காற்றை இழுக்க முடியும். அந்தக் காற்றில் எவ்வளவு பெட்ரோலை முழுதாக எரிக்க முடியுமோ அவ்வளவுதான் பவர். ஆக, சிசி என்பது காற்றுக்கான அளவு. டர்போ, மலை ஏற்றம் பற்றிய பதில்களெல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

சிசி அதிகம் என்றால் பவரும் அதிகம்தானே?

ஹூண்டாய் கிரெட்டாவைப் பாருங்கள். இங்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் வண்டி. ஒரே வண்டியில் மூன்று எஞ்சின், மூன்றுமே 1.5 லிட்டர் என்றுதான் சொல்வார்கள். சாதாரண பெட்ரோல் 1497 சிசி: 115 பி.எஸ். (குதிரைத் திறன்) பவர், 144 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்பும் விசை). காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பெட்ரோல் 1482 சிசி: 160 பி.எஸ்., 253 நியூட்டன் மீட்டர். டீசல் 1493 சிசி: 116 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர். மூன்றில் சிசி குறைந்ததுதான் பவரில் முதலிடம்.

பழைய உதாரணமும் ஒன்று நம் ஊரிலேயே உண்டு. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடம்பு, பார்க்க அவ்வளவு கம்பீரம். உள்ளே வைத்ததோ பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டு காலத்து 1991 சிசி எஞ்சின். இரண்டு லிட்டர் என்று பேர் இருந்தும் அந்தக் கனமான உடம்பை இழுக்கும் வலு அதற்கு இல்லை, பெட்ரோல் செலவும் அதிகம். சில வருடங்களிலேயே உற்பத்தி நின்றுபோனது. இன்றைய 998 சிசி டர்போ எஞ்சின்கள் அதைவிட அதிக பவர் கொடுக்கின்றன.

பவரைப் பார்ப்பதா, டார்க்கைப் பார்ப்பதா?

இரண்டையும் பார்க்க வேண்டும், கூடவே எந்த ஆர்.பி.எம்மில் வருகிறது என்பதையும். விளம்பரத்தில் சின்ன எழுத்தில் போடும் அந்த ஆர்.பி.எம். எண்தான் வண்டியின் குணத்தைச் சொல்கிறது.

டார்க் என்பது திருப்பும் விசை. அதை ஆர்.பி.எம்மால் பெருக்கி 7023-ஆல் வகுத்தால் பி.எஸ். வந்துவிடும். மேலே சொன்ன கிரெட்டாவில் சாதாரண பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பவர் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் டீசல் தன் 250 நியூட்டன் மீட்டரை 1500 ஆர்.பி.எம்மிலேயே கொடுத்துவிடும், பெட்ரோல் தன் 144-ஐக் கொடுக்க 4500 வரை போக வேண்டும். பைபாஸில் லாரிக்குப் பின்னால் 2000 ஆர்.பி.எம்மில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஓவர்டேக் எடுக்க மிதித்தால் டீசலிடம் அந்த இடத்திலேயே 71 பி.எஸ். இருக்கிறது. பெட்ரோலிடம், அதன் முழு டார்க்கும் அங்கே கிடைக்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 41 பி.எஸ்.தான். கியரைக் குறைத்து ஆர்.பி.எம்மை ஏற்றினால் பெட்ரோலும் சட்டென்று கிளம்பும். கியர் மாற்றாமலே இழுக்கிறது என்று டீசல் வண்டிக்காரர்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான்.

ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு உச்ச பவர் எவ்வளவு என்பது பெரிய விஷயமே இல்லை. 5500, 6000 ஆர்.பி.எம்மில் வரும் அந்த பவரை அவர் வருடத்தில் ஒருமுறைகூடத் தொடமாட்டார்.

சின்ன எஞ்சின்தான் மைலேஜ் கொடுக்குமா?

ஊருக்குள் பெரும்பாலும் ஆமாம். நெடுஞ்சாலையிலும் மலையிலும், வண்டி நிறைய ஆள் ஏற்றிய நிலையிலும் அப்படிச் சொல்ல முடியாது.

பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும் வழியில் ஒரு மூடி இருக்கிறது, த்ராட்டில் என்பார்கள். மெதுவாகப் போகும்போது அது முக்கால்வாசி மூடியிருக்கும். மூடிய வாய் வழியாகக் காற்றை உறிஞ்சவே எஞ்சினுக்கு ஒரு வேலை. பெரிய எஞ்சினை மெதுவாக ஓட்டும்போது இந்த வீண் செலவு அதிகம், பெரிய பிஸ்டன்களின் உராய்வும் அதிகம். அதனால்தான் டிராஃபிக்கில் 1 லிட்டர் வண்டி ஜெயிக்கிறது. அதே 1 லிட்டரில் ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏற்றி, ஏசியைப் போட்டு, 110-ல் ஓட்டினால் கதை மாறிவிடும். எஞ்சின் தன் முழுத் திறமையையும் காட்ட வேண்டிய நிலை. கியர் குறைகிறது, ஆர்.பி.எம். ஏறுகிறது, சூட்டைத் தணிக்க எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றுகிறது. கொஞ்சம் பெரிய எஞ்சின் அதே வேலையை அலட்டாமல் செய்து, சில சமயம் குறைவாகவும் குடிக்கும்.

மாருதி ஃப்ராங்க்ஸில் 1197 சிசி சாதாரண எஞ்சினும் உண்டு (90 பி.எஸ்.), 998 சிசி டர்போவும் உண்டு (100 பி.எஸ்.). மேனுவல் கியரில் கம்பெனி சொல்லும் மைலேஜ் முன்னதற்கு 21.79, பின்னதற்கு 21.5. இருநூறு சிசி வித்தியாசம் காகிதத்திலேயே ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

என் கணிப்பில், மைலேஜைத் தீர்மானிப்பதில் வண்டியின் எடையும் ஓட்டுகிற வேகமும் சிசியைவிட முன்னால் நிற்கின்றன. 900 கிலோ வண்டியும் 1300 கிலோ வண்டியும் ஒரே எஞ்சினை வைத்தாலும் ஒரே மைலேஜ் தராது.

எல்லா கம்பெனியும் 1197, 1199, 1497 என்றே எஞ்சின் செய்வது ஏன்?

வரிக்காக. 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதி அமைச்சர் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். அந்தக் கோடு இன்றுவரை மாறவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்தக் கோட்டுக்குள் இருக்கும் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளியே போனால் 40 சதவீதம்.

மாருதி பிரெஸ்ஸா 3995 மில்லிமீட்டர்தான், நீளத்தில் தேறிவிடுகிறது. ஆனால் பெட்ரோல் எஞ்சின் 1462 சிசி என்பதால் 40 சதவீத வரிக்குள் போய்விடுகிறது. நாம் கார் தேடும்போது 1.2 பெட்ரோலும் 1.0 டர்போவும் 1.5 டீசலும் திரும்பத் திரும்ப எதிரே வருவதற்குக் காரணம் இதுதான். ஒரு கம்பெனி 1300 சிசியில் நல்ல எஞ்சின் வைத்திருந்தாலும் சின்னக் காரில் அதைப் போட்டால் குறைந்த வரி கிடைக்காது.

மூன்று சிலிண்டர் எஞ்சின் மட்டமா?

இல்லை. அதிர்வு கொஞ்சம் தெரியும், சத்தமும் வேறு மாதிரி இருக்கும். சிலிண்டர் ஒன்று குறைவதால் உராய்வு குறைகிறது, செலவும் குறைகிறது.

2024-ல் ஸ்விஃப்ட்டில் நடந்த மாற்றத்தைக் கவனியுங்கள். பழைய நாலு சிலிண்டர் எஞ்சினும் 1197 சிசி, புதிய மூன்று சிலிண்டரும் 1197 சிசி. பழையதில் விட்டம் 73, இறங்கும் தூரம் 71.5 மில்லிமீட்டர். புதியதில் விட்டம் 74, தூரம் 92.8. விட்டத்தைவிட ஆழம் அதிகமான சிலிண்டர். இப்படிப்பட்ட அமைப்பில் எரியும் இடத்தின் பரப்பு குறைவு, சூடு சுவரில் வீணாவது குறைவு. அதனால் மேனுவல் மைலேஜ் 22.38-லிருந்து 24.80-க்கு ஏறியது, பவர் 90-லிருந்து 82 பி.எஸ்ஸுக்கு இறங்கியது. நீண்ட தூரம் இறங்கி ஏறும் பிஸ்டனை ரொம்ப வேகமாகச் சுழற்ற முடியாது என்பதால் மேல் ஆர்.பி.எம்மில் அந்தப் பழைய துள்ளல் இல்லை. ஓட்டிப் பார்த்தால் கீழ் கியர்களில் குறை தெரியாது. நெடுஞ்சாலையில் இழுத்து ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும். சிசி கொஞ்சம்கூட மாறாமல் பவர், மைலேஜ் இரண்டும் மாறியதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

டர்போ பெட்ரோல் எடுத்தேன், ஊருக்குள் 10, 11-தான் வருகிறது. வண்டியில் கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இல்லை. புகை வெளியேறும் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுழன்று, அது இன்னொரு விசிறியைச் சுழற்றி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடத்தான் வேண்டும். மிதமாக ஓட்டும்போது 1 லிட்டர் வண்டி, அழுத்தி மிதிக்கும்போது 1.6 லிட்டர் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலுக்குச் சிக்னல் மிதித்தால் பெரிய எஞ்சினின் பில்தான் வரும்.

டர்போ சரியாக வேலை செய்ய 1500, 1800 ஆர்.பி.எம். வேண்டும். அதற்குக் கீழே அது வெறும் சின்ன எஞ்சின். ஸ்பீடு பிரேக்கர் தாண்டி மூன்றாவது கியரிலேயே மிதித்தால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது, அப்புறம் திடீரென்று பாயும். பலரும் அந்த ஒரு நொடியில் இன்னும் ஆழமாக மிதித்துவிடுகிறார்கள். இரண்டாவதுக்கு இறக்கி, மெதுவாக மிதித்தால் வண்டியும் சீராகப் போகும், மைலேஜும் ஏறும்.

நெடுஞ்சாலையில் 80, 90-ல் நிதானமாக ஓட்டினால் இதே வண்டி 18, 20 கொடுக்கக்கூடும். ஓட்டுகிறவரைப் பொறுத்து இவ்வளவு மாறும் எஞ்சின் வேறில்லை. ஆயிலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். புத்தகத்தில் சொன்ன கிரேடு, சொன்ன கிலோமீட்டர். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது அந்த மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான்.

இன்றைக்கு டீசல் வாங்குவது லாபமா?

மாதம் எவ்வளவு ஓடுகிறீர்கள் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். ஒரே வண்டியில் டீசலுக்குக் கூடுதல் விலை ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்றும் வைப்போம். ஊரும் பைபாஸும் கலந்து பெட்ரோல் 13, டீசல் 18 கொடுக்கிறது என்றால், கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 77 காசுக்கு எதிரே 5 ரூபாய் 17 காசு. மிச்சம் 2 ரூபாய் 60 காசு. கூடுதல் விலை திரும்பி வர கிட்டத்தட்ட 58,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் ஆயிரம் ஓடுகிறவருக்கு ஏறத்தாழ ஐந்து வருடம். இரண்டாயிரம் ஓடுகிறவருக்கு இரண்டரை வருடம்கூட ஆகாது. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை பாருங்கள்.

டீசல் அதிகம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. காற்று வழியில் மேலே சொன்ன மூடி வைத்து பவரைக் கட்டுப்படுத்தும் வேலை அதில் இல்லை, எரிக்கும் முன் காற்றை நெருக்கும் அளவு (அழுத்த விகிதம்) அதிகம், லிட்டருக்கு உள்ள சக்தியும் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல்.

ஆனால் பணக்கணக்கைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் வண்டிகளின் சைலன்சர் வழியில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். சேர்ந்த கரியை எரித்துத் தள்ள வண்டி நல்ல சூட்டில் கால் மணி நேரமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். தினமும் பள்ளிக்கூடத்துக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் மூன்று கிலோமீட்டர் போய்வரும் வண்டியில் அது நடக்காது. விளக்கு எரியும், அப்புறம் பவர் குறையும், அப்புறம் சர்வீஸ் சென்டர். அப்படிப்பட்ட ஓட்டத்துக்கு, விலை எவ்வளவு சல்லிசாக வந்தாலும், டீசல் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மாருதி ஸ்விஃப்ட், டாடா, ஃபியட் என்று பல வண்டிகளில் ஓடிய அந்த 1248 சிசி ஃபியட் டீசல் எஞ்சினின் அனுபவத்தை வைத்து இன்றைய டீசலை எடை போடாதீர்கள். அந்த எளிமை இப்போது இல்லை.

கம்பெனி சொல்லும் மைலேஜ் ரோட்டில் ஏன் வருவதில்லை?

அந்த எண், ரோட்டில் ஓட்டி எடுத்தது இல்லை. உருளைகளின் மேல் சக்கரத்தை வைத்து, ஆய்வகத்துக்குள், இந்த நேரத்தில் இந்த வேகம் என்று வகுத்த அட்டவணைப்படி ஓட்டுவார்கள். உச்ச வேகம் 90-ஐத் தாண்டாது. ஏசி போடமாட்டார்கள். மேடு, குழி, குறுக்கே வரும் மாடு எதுவும் கிடையாது. நம் ஓட்டத்தில் அதிலிருந்து கால் பங்கு குறைவது சாதாரணம், நெரிசலில் பாதியாகக்கூடப் போகலாம்.

ஆனாலும் அந்த எண் உபயோகமானதுதான். எல்லா வண்டிக்கும் ஒரே பரீட்சை என்பதால் இரண்டு வண்டியை ஒப்பிட உதவும்.

என் வண்டியின் மைலேஜை எப்படிச் சரியாகப் பார்ப்பது?

டேங்க் டு டேங்க்தான் ஒரே வழி. நாசில் தானாகக் கட் ஆகும்வரை நிரப்புங்கள், ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள். முடிந்தால் அதே பங்க், அதே பம்ப், மறுபடி ஆட்டோ கட் வரை. ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்துவிடுங்கள். கட் ஆன பிறகு ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் இருநூறு ரூபாய்க்கு அழுத்தி ஊற்றவிட்டால் கணக்கு கெட்டுவிடும். மீட்டரில் காட்டும் சராசரி பல வண்டிகளில் கொஞ்சம் தாராளமாகவே காட்டும்.

ஊட்டி, கொல்லிமலை போனால் வண்டி திணறுகிறது. எஞ்சின் சின்னது என்பதாலா?

பாதி காரணம் அது. மீதி பாதி காற்று. ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண பெட்ரோல் எஞ்சின் இழுக்கும் காற்றும் அவ்வளவு குறையும், பவரும் அதே அளவு போய்விடும். சமவெளியில் 82 பி.எஸ். இருந்த வண்டி அங்கே 65-க்குப் பக்கத்தில் நிற்கிறது. டர்போ காற்றை அழுத்தித் தள்ளுவதால் இந்த இழப்பு அதற்கு மிகக் குறைவு. மலைப்பாதை அதிகம் போகிறவர்களுக்கு டர்போ பெட்ரோலையோ டீசலையோ தயங்காமல் சொல்வேன்.

மைலேஜையும் பார்த்துவிடலாம். ஆட்களோடு 1500 கிலோ எடையுள்ள வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுகிறது. உயரம் சுமார் 1900 மீட்டர் கூடுகிறது. அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் 28 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 30 மெகாஜூல் இருக்கிறது, அதில் எஞ்சின் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆக, தூக்குவதற்கு மட்டுமே மூன்றரை லிட்டருக்கு மேல். சமவெளியில் 50 கிலோமீட்டருக்கு ஆகும் இரண்டரை லிட்டரையும் சேர்த்தால் ஆறு லிட்டர் தாண்டுகிறது. மலை ஏறும்போது 8 காட்டினால் மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம்.

ஏறும்போது கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். கொல்லிமலையில் 70 வளைவு, வால்பாறைக்கு 40. வளைவின் நடுவில் வண்டி அழுந்தி, அரை கிளட்ச்சில் நிறுத்தி நிறுத்தி எடுத்தால் மேலே போவதற்குள் கிளட்ச் வாடை வந்துவிடும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா?

ஆகாது. தயவுசெய்து செய்யாதீர்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுக்க நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகிறது. அதைவிட, வண்டியின் முழு வேகத்தையும் பிரேக் மட்டும் தாங்க வேண்டிவரும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது உயிர் காக்கும் பேச்சு.

நெடுஞ்சாலையில் எந்த வேகத்தில் போனால் நல்ல மைலேஜ்?

மேல் கியரில் 70 முதல் 90-க்குள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90-லிருந்து 110-க்குப் போனால் அந்த எதிர்ப்பு மட்டும் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். சென்னையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 330 கிலோமீட்டர். சீராக 90-ல் போனால் மூன்று மணி நாற்பது நிமிடம், 110-ல் மூன்று மணி. நாற்பது நிமிடத்துக்காக எவ்வளவு பெட்ரோல் கொடுக்கிறீர்கள் என்பதை ஒருமுறை டேங்க் டு டேங்க் பார்த்துவிடுங்கள். உயரமான எஸ்யூவி, மேலே கேரியர் என்றால் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஏசி போட்டால் எவ்வளவு குறையும்?

ஊருக்குள் சின்ன எஞ்சினில் நன்றாகவே தெரியும். நெடுஞ்சாலையில் கொஞ்சம்தான். 80-ல் போகும்போது கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்றின் இழுப்பு கூடுவதால் மிச்சமும் பெரிதாக இருக்காது. நம் வெயிலில் ஏசி போட்டே ஓட்டுங்கள்.

இ20 பெட்ரோல் வந்தபிறகு மைலேஜ் குறைந்துவிட்டதே?

குறையத்தான் செய்யும். இ20 என்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் ஆறு ஏழு சதவீதம் குறைகிறது. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம், இ20-க்காக ட்யூன் செய்த கார்களுக்கு 1 முதல் 2 சதவீதம் என்று சொன்னது. ஏற்கெனவே பத்து சதவீதம் கலந்துதான் போட்டுக்கொண்டிருந்தோம் என்பதால் புதிதாக உணரும் குறைவு அதில் பாதி அளவு. மைலேஜ் முப்பது சதவீதம் இறங்கியிருந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

2023-க்கு முந்தைய வண்டி என்றால் பெட்ரோல் மூடியின் உட்புறமும் கையேட்டிலும் எந்த அளவு எத்தனால் வரை போடலாம் என்று பாருங்கள். அதில் இ10 என்று இருந்தால் ரப்பர் குழாய், கேஸ்கெட் இவற்றை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்வது நல்லது.

ஹைப்ரிட் வண்டி 28 கொடுக்கும் என்கிறார்கள். நம்பலாமா?

ஹைப்ரிட் என்றால் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள வண்டி. டொயோட்டா ஹைரைடரின் ஹைப்ரிட்டுக்கு 27.97 என்பது ஆய்வக எண். எஞ்சின் 1490 சிசி, ஆனால் 92 பி.எஸ்.தான். பவரை விட்டுக்கொடுத்து சிக்கனத்துக்காக வேறு விதமாக வால்வைத் திறந்து மூடும் எஞ்சின் அது. குறையும் இழுவையை மோட்டார் நிரப்புகிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை பேட்டரி பிடித்துக்கொள்கிறது, சிக்னலில் எஞ்சின் நின்றுவிடுகிறது. அதனால் மற்ற வண்டிகள் தோற்கும் நகர நெரிசலில்தான் இது ஜெயிக்கும். நாள் முழுக்க பைபாஸில் ஓட்டுகிறவருக்குக் கூடுதல் விலை சீக்கிரம் திரும்பாது.

ஆட்டோமேட்டிக் என்றால் மைலேஜ் குறையுமா?

ஏஎம்டி என்றால் குறையாது, அதில் மேனுவல் கியர்பாக்ஸின் கியரையே மெஷின் மாற்றுகிறது. புதிய ஸ்விஃப்ட்டில் மேனுவலைவிட ஏஎம்டிக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதலாகவே எழுதியிருக்கிறார்கள், 25.75. கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை கொஞ்சம் குறைக்கும். ஃப்ராங்க்ஸ் டர்போவில் 21.5-லிருந்து 20.01 ஆகிறது. சொகுசும் நம்பகமும் அதில்தான்.

டெஸ்ட் டிரைவில் எதைப் பார்க்க வேண்டும்?

ஷோரூம்காரர் அழைத்துப்போகும் அகலமான ரோட்டில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் யார் யார் ஏறுவார்களோ அவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏசியை முழுதாகப் போடுங்கள். ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். அப்புறம் மூன்றாவது கியரில் 30-ல் போய்க்கொண்டே மிதித்து, வண்டி 60-ஐ எப்படி எட்டுகிறது என்று கவனியுங்கள். அங்கே நடுக்கமோ முனகலோ வந்தால், உங்கள் குடும்பத்துக்கு அந்த எஞ்சின் சின்னது. தனியாக ஆபீஸ் போய்வரும் ஒருவருக்கு அதே எஞ்சின் தாராளமாகப் போதும்.

பழைய வண்டிதான். மைலேஜ் திடீரென்று விழுந்துவிட்டது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் முன் சுலபமானவற்றை முடித்துவிடுங்கள். டயர் காற்று முதலில், வண்டி ஆறியிருக்கும்போது. அப்புறம் பிரேக். கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் பிடிக்காமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்து ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். அதன்பின் சூட்டு முள்: அரை மணி நேரம் ஓடியும் நடுவுக்கு வரவில்லை என்றால் எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே நின்றிருக்கும். எஞ்சின் குளிராக இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சின்ன உதிரிப்பாகத்தை மாற்றினால் பழைய மைலேஜ் திரும்பிவிடும். இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ஸ்கேனர் போட்டு ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.